கை துடைத்த துணி

மார்ச் 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நலமாகத்தான் இருப்பாய். சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறாயாம், கேள்விப்பட்டேன்.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் இரண்டு பேரும் கத்துகிறோம். யாராவது ஒருத்தி வைத்துவிடுகிறோம். போன தடவை வைத்தது நீ. அதனால் எழுதுகிறேன். தாள் குறுக்கே பேசாது.

நம் பொத்தானுக்கு ஜூன் கடைசியில் குருப்பட்டம் என்று எனக்குச் சொன்னது யார் தெரியுமா? எங்கள் பங்குச் சாமியார். பீடத்துக்கு விரிப்புத் தைக்கச் சொல்லிக் கடைக்கு வந்தவர், "என்னம்மா, பிள்ளைக்குப் பட்டம், வெளிநாட்டுப் பயணம் வேற. கடையை எத்தனை நாள் பூட்டுவீங்க?" என்று சிரித்தார். என் வாயில் நாலு குண்டூசி இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

மறுநாள் பிள்ளையே வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டான். தேதியை நீ சொல்லியிருப்பாய் என்று நினைத்தானாம். "எங்க சபை விடுதியில நாலு கட்டில் போட்ட ரூம் கேட்டு வாங்கியிருக்கேன். நீங்க நாலு பேரும் சேர்ந்து வந்துடுங்க" என்றான். நீ, அத்தான், பெரியவன், நான் என்று அவன் கணக்கு. அழைப்புக் கடிதத்தில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு உனக்கு அனுப்பியிருக்கிறானாம்.

நாலாவது வரியில் யார் பெயரை எழுதினாய், அக்கா?

நீ பெற்றாய். எட்டு மாதக் குழந்தையிலிருந்து பதினோரு வயது வரை நான் வளர்த்தேன். இது ஊருக்கே தெரிந்த விஷயம். புதிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு கட்டில் கேட்கிறேன்.

தங்கை

*

மார்ச் 15

தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூக்குக்கு மேல் கோபம் உனக்கு, அதைத் தபாலில் வேறு அனுப்புகிறாய்.

முதலில் ஒன்று சொல்கிறேன். குருவாகப் போகிறவனைப் பொத்தான் என்று எழுதாதே. மூன்று வயதில் உன் தையல் கடையில் பொத்தானை விழுங்கினான் என்பதற்காக ஆயுசுக்கும் அந்தப் பெயரா? பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதற்கு நீ வைத்துக்கொண்ட ஞாபகார்த்தம் அது. எனக்கு அவன் சின்னவன்.

நாலாவது வரியில் மருமகள் பெயரை எழுதினேன். ஏன் என்று கேட்காமலே வசை பாடுகிறாய். அவளுக்கு அந்த ஊர் மொழி கொஞ்சம் தெரியும். உன் அத்தானைச் சக்கர நாற்காலியில் வைத்து விமான நிலையத்தில் தள்ள வேண்டும், மாத்திரைச் சீட்டைக் காட்டி அதிகாரிகளிடம் விளக்க வேண்டும். நீ வந்தால் என்ன செய்வாய்? அங்கேயும் நின்று அழுவாய். அந்தத் தாளில் "உறவு" என்று ஒரு கட்டம் இருந்தது. சித்தி என்று எழுதினால், "சித்தி எதற்கு?" என்று விசா கொடுப்பவர்கள் கேட்பார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருஷமாக வேலை பார்ப்பவள். கட்டத்துக்குள் அடங்காத எதையும் அலுவலகத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீ என்னமோ நான் உல்லாசப் பயணம் போவது போல எழுதுகிறாய். சலவைக் கூடத்தில் பன்னிரண்டு நாள் விடுப்புக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பட்டம் கொடுக்கும் ஆயர் உள்ளங்கையில் எண்ணெய் பூசியதும் அதைத் துடைக்க ஒரு துணி வேண்டுமாம். குடும்பத்திலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளை லினன், இரண்டு முழ நீளம், ஒரு சாண் அகலம். நீ தைத்தால் நன்றாக இருக்கும் என்று அவனே சொன்னான். அதைச் செய். உனக்கும் ஒரு பங்கு கிடைத்த மாதிரி இருக்கும்.

அக்கா

*

மார்ச் 27

அக்காவுக்கு,

துணி தைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருகிறது. நாலு ஓரமும் இரட்டை மடிப்பு, மெஷினில் ஓட்டவில்லை, கையால் தைத்தது. மூலையில் சிலுவை போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். உறுத்தும். அவனுக்கு உள்ளங்கைத் தோல் மெல்லிசு.

பங்கு கிடைத்த மாதிரி இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அடேயப்பா! பெரிய மனசு உனக்கு.

நான் வரவில்லை. சரி. அதை விழுங்கிவிட்டேன். பொத்தானை விழுங்கினவனின் சித்திதானே நான். ஆனால் ஒன்றை நேராகவே கேட்கிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அந்தத் துணியைப் பற்றிப் பங்குச் சாமியார் சொன்னார். எண்ணெய் துடைத்த துணியைப் புதுக்குரு தன் தாய்க்குக் கொடுப்பானாம். அவள் அதைத் துவைக்காமல் பெட்டியில் வைத்திருக்க வேண்டுமாம். அவள் செத்ததும் அவள் இரண்டு கையையும் சேர்த்து அதால் கட்டிப் புதைப்பார்களாம். ஆண்டவர் முன்னால் போய் நின்றால், அந்த வாசனையை வைத்தே, இவள் ஒரு குருவைத் தந்தவள் என்று தெரிந்துகொள்வாராம். உண்மையோ பொய்யோ, கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அது எனக்கு வேண்டும்.

மேடையில் உன் கையில் கொடுக்கட்டும். மருமகள் படம் எடுக்கட்டும். நீ பெற்றவள், ஊர் பார்க்க வாங்கிக்கொள். திரும்பி வந்ததும் யாருக்கும் தெரியாமல் என்னிடம் கொடுத்துவிடு. உனக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் தாயாக இருந்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுத் தாள் கூட இல்லை. பள்ளிக்கூடச் சேர்க்கையில் உன் பெயர். ஞானஸ்நானப் புத்தகத்தில் உன் பெயர்.

பதினோரு வருஷம் அவன் என்னை அம்மா என்றான், உன்னைப் பெரியம்மா என்றான். நீ வந்து கூட்டிக்கொண்டு போன அந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் ஏறும்போது, "பெரியம்மா, அம்மா வரலையா?" என்று கேட்டான். பஸ் படியில் வைத்தே கன்னத்தில் அறைந்தாய். "நான்தாண்டா அம்மா" என்றாய். ஜன்னல் வழியாக அவன் என்னைப் பார்த்தான். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது என்னைச் சின்னம்மா என்றான். எவ்வளவு பழக்கினாயோ, ஒரு தடவை கூட நாக்குப் பிசகவில்லை.

அதற்குப் பதிலாக இந்தத் துணியைக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

தங்கை

*

ஏப்ரல் 10

தங்கச்சிக்கு,

துணி வந்தது. வேலை சுத்தம். சும்மா சொல்லக் கூடாது.

கேட்டதைத் தர மாட்டேன்.

போதுமடி அம்மா உன் பஸ் கதை. அதையே பதினேழு வருஷமாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. என் கதையைக் கேட்கிறாயா? உன் அத்தான் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார். பெரியவனுக்கு நாலு வயது, பெண்ணுக்கு இரண்டு, கையில் இவன். ஆஸ்பத்திரியில் வேலை தருகிறோம், ஆனால் மூன்று ஷிப்டும் மாறி மாறி வர வேண்டும் என்றார்கள். நீதான் வந்து, "கொடு அக்கா, நான் பார்த்துக்கறேன், நீ நிமிர்ந்ததும் வாங்கிக்கோ" என்றாய். வாங்கிக்கோ என்று சொன்னது நீ. மறந்துவிட்டதா?

இவனைக் கொடுத்துவிட்டு முதல் நாள் வேலைக்குப் போனேன். கூடை கூடையாகப் பிரசவ வார்டு விரிப்புகள். எனக்கு மார்பு கட்டிக்கொண்டு, சட்டை நனைந்து, அதை மறைக்க ஈரத் துணியை மேலே அணைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டு ஒரு துண்டைக் கொடுத்தாள். அந்த மாதிரி எத்தனை நாள் என்று உனக்கு எழுதினேனா? ஊர் முழுக்கச் சொன்னேனா?

நான் நிமிர்வதற்குப் பத்து வருஷம் ஆயிற்று. நிமிர்ந்ததும் வந்தேன். என் பிள்ளை என்னைப் பெரியம்மா என்றால் கை நீளாதா? உனக்கும் நீண்டிருக்கும்.

அறைந்த கையில்தான் அந்தத் துணியை வாங்கப் போகிறேன். அதே கையில்தான் கட்டுவார்கள். உனக்கு வயிறு எரிந்தால் எரியட்டும்.

அக்கா

*

ஜூலை 1

தங்கச்சிக்கு,

இது விருந்தினர் விடுதியிலிருந்து எழுதுவது. பட்டம் முடிந்துவிட்டது. பத்திரமாக இருக்கிறோம்.

நாலு கட்டில், நாலுக்கும் ஒரே மாதிரி சாம்பல் கம்பளி. சுவரோரம் கை கழுவும் தொட்டி, மேலே கண்ணாடி. ஜன்னலுக்கு எதிரே சைக்கிள் நிறுத்தும் இடம். விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தேன், அலசல் போதவில்லை. கஞ்சி மட்டும் மொடமொடவென்று.

பேராலயத்தில் எங்களுக்கு முதல் வரிசை. இவனோடு சேர்த்து ஐந்து பேருக்குப் பட்டம். புனிதர்கள் மன்றாட்டின்போது ஐவரும் தரையில் முகங்குப்புறப் படுத்தார்கள். இவனது புதுச் செருப்பின் அடியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது, உரிக்கவில்லை. இந்த வயதிலும் ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுந்து போய் உரித்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. உன் அத்தான் மன்றாட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டார். மருமகள் முழங்கையால் இடித்ததும், "ஆமென்" என்று அவர் சத்தமாகச் சொல்ல, பின் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆயர் எண்ணெய் பூசினார். நீ தைத்த துணியில்தான் கை துடைத்தான்.

துணியைத் தாய்க்குக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லையாம். ஐந்து துணியையும் சேர்த்து அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆகவே உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சண்டை தீர்ந்தது.

பத்தாம் தேதி திரும்புகிறோம். உனக்கு ஒரு ஜெபமாலை வாங்கியிருக்கிறேன்.

அக்கா

*

ஜூலை 20

அக்காவுக்கு,

ஜெபமாலையை நீயே வைத்துக்கொள்.

நேற்று அவன் கூப்பிட்டான். எடுத்த எடுப்பில், "துணி வந்துடுச்சா?" என்று கேட்டான். எந்தத் துணி என்றேன். "கையில கொடுத்தேனே, உங்ககிட்ட சேர்க்கச் சொல்லி. ஊருக்கு வந்து பத்து நாளாச்சே" என்றான். "அக்காவுக்கு வேலை ஜாஸ்தி, வந்துடும்பா" என்று சமாளித்தேன்.

அவன் படம் ஒன்று அனுப்பியிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் தன் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். நீ முழந்தாளிட்டிருக்கிறாய். அவன் குனிந்து உன் காதில் ஏதோ சொல்கிறான். உன் இரண்டு கையிலும் என் துணி. நான் போட்ட ஓரத் தையல் கூடத் தெரிகிறது.

வழக்கம் இல்லையாம், அவர்களே வைத்துக்கொண்டார்களாம்! கம்பளியின் நிறத்திலிருந்து சைக்கிள் நிறுத்தும் இடம் வரை கண்ணும் காதும் வைத்து எழுதினாயே, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீ உண்மை எழுதினால் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவாய்.

தர மாட்டேன் என்று ஏப்ரலில் எழுதினாய். அது எனக்குக் கோபம்தான், ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. இப்போது கேட்பது நான் இல்லை, கொடுக்கச் சொன்னது அவன். அவன் கொடுத்ததை நடுவில் வைத்துக்கொள்ள நீ யார்?

பெட்டியில் இருக்கிறதா, என்ன செய்தாய்? அதை மட்டும் எழுது.

தங்கை

*

ஆகஸ்ட் 5

தங்கச்சிக்கு,

துணியை அனுப்பியிருக்கிறேன். பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. அதை நான் துவைத்துவிட்டேன்.

நீ காரணம் கேட்பாய். மருமகள் தெரியாமல் துவைத்துவிட்டாள் என்று எழுதி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். இருபத்தேழு வருஷப் பழக்கம், கறையைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது என்று இன்னொரு தாள் எழுதினேன். அதையும் கிழித்தேன்.

நடந்தது இதுதான். திருப்பலி முடிந்து முதல் ஆசீருக்கு வரிசையில் நின்றோம். நான் முன்னால் போய் முழந்தாளிட்டேன். அவன் தலையில் கை வைத்தான். அந்த எண்ணெய் வாசனை எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கிக்குள்ளிருந்து துணியை எடுத்து என் கையில் வைத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். அடி, அந்த ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது குனிந்து, "பெரியம்மா, இதை அம்மாகிட்ட கொடுத்துடுங்க" என்றான்.

வேண்டுமென்றே சொல்லவில்லை. என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரியாது. சிரித்துக்கொண்டே அடுத்த ஆளுக்கு ஆசீர் கொடுக்கத் திரும்பிவிட்டான். குருவானதும் முதன்முதலாக என்னிடம் பேசிய வார்த்தை அது. பதினேழு வருஷம் அம்மா, அம்மா என்று கூப்பிட்டதெல்லாம் அன்று வாங்கிய அறைக்குப் பயந்து கூப்பிட்டது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று.

மற்றவர்கள் விருந்துக்குப் போனார்கள். தலைவலி என்று சொல்லி நான் அறைக்கு வந்தேன். எண்ணெய்க் கறைக்கு முதலில் தண்ணீர் படக் கூடாது. மருமகளின் முகப்பவுடரைத் தூவி ஊற வைத்தேன், தட்டினேன், மறுபடி தூவினேன். பிறகு சோப்பு. பிறகு தாங்க முடியாத வெந்நீர். மூன்று தண்ணீர் அலசினேன். நீ போட்ட மடிப்புகளை நகத்தால் விலக்கி உள்ளே எல்லாம் தேய்த்தேன். கீழே ஒரு கன்னியாஸ்திரியிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கித் தேய்த்து மடித்தேன். முழு நேரமும் நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். பழக்கம் இல்லை, தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் நன்றித் திருப்பலியில், "துணி பத்திரமா இருக்கா?" என்றான். பெட்டியில் இருக்கிறது என்றேன்.

பாவத்தோடு நன்மை அப்பம் வாங்கக் கூடாதே, அன்றிலிருந்து வாங்கப் போகவில்லை. கோயிலில் எல்லாரும் எழுந்து போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். டிசம்பரில் அவன் விடுமுறைக்கு வருகிறான். அவனிடமே பாவசங்கீர்த்தனம் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அதுவரை இந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும்.

உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

பார்சல் வந்தபோது கடையில் ஆட்கள் இருந்தார்கள். அளவெடுத்து அனுப்பிவிட்டு, மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு துணியைப் பிரித்தேன்.

மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ எழுதியிருந்தும் நம்பிக்கை விடவில்லை, மடிப்புக்குள் ஏதாவது தங்கியிருக்கும் என்று கத்தரி முனையால் நாலு ஓரத்தையும் பிரித்தேன். நான் இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட தையல். உள்ளே ஒன்றும் இல்லை. மார்ச்சில் என் கையிலிருந்து எப்படிப் போனதோ அப்படியே திரும்பி வந்திருக்கிறது. உன் கைவேலையில் குறை சொல்ல முடியாது அக்கா. ஆஸ்பத்திரிக்காரன் உனக்குச் சும்மா சம்பளம் கொடுக்கவில்லை.

அவன் உன்னைப் பெரியம்மா என்று கூப்பிட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதினேழு வருஷமாக நான் ஏங்கிய விஷயம். குதித்திருக்க வேண்டும். ஆனால் கை தட்டுகிற அத்தனை பேர் நடுவில் நீ முழந்தாளிட்டிருந்த கோலம்தான் கண்ணுக்கு வந்தது. உனக்காக என் கண் கலங்கியது. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

"துணி வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"வாசனை போகலையே?"

"எங்க போகும்? பெட்டியைத் திறந்தாலே மணக்குது."

ஒரு குருவிடம் பொய் சொன்னேன். வாய் கூசவில்லை.

அவனிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். செய்யாதே. உன் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல், வேறு எந்தச் சாமியாரிடமாவது சொல். அவனிடம் சொல்லக் கூடாது. ஏன் என்று எழுதுகிறேன். நீ பாதி சொல்வதற்குள் அவன் மன்னித்துவிடுவான். அவன் குணம் எனக்குத் தெரியும், நான் வளர்த்தவன். உன் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் அழுவான். "அம்மா" என்று கூப்பிடுவான், பயமில்லாமல், மனசாரக் கூப்பிடுவான். நீ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு சுத்தமாக வீட்டுக்குப் போவாய். என் துணியைப் பாழாக்கியதற்கு உனக்கு அது கூலியா?

டிசம்பரில் அவன் முதலில் என் வீட்டுக்கு வருகிறான். நீயும் வா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. எப்படியும் துணியை எடுத்துக் காட்டச் சொல்வான். ஓரத்தை மறுபடி தைத்துவைத்திருக்கிறேன். அவன் கையில் கொடுப்பேன். மோந்து பார்ப்பான், நிமிர்ந்து என்னைப் பார்ப்பான். அப்போது நான், "கறைன்னு நினைச்சுப் போன வாரம் துவைச்சுட்டேன்பா, கிழவிக்குப் புத்தி மட்டு" என்று சொல்லப் போகிறேன். நீ பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

அவன் என்னை மன்னிப்பான். அதை நடுவில் புகுந்து வாங்கிக்கொள்ளாதே. அதையாவது எனக்கு விட்டுவிடு.

தங்கை